விடுபட்ட ‘ள’

கோகிலவாணி படுக்கப் போனபோது படுக்கை வெதுவெதுப்பாக இருந்தது. தலையணையின் நடுவில் ஒரு பள்ளம். அவள் தலைக்கு அது சற்றுப் பெரியது. அவள் அதைத் தட்டிச் சமன் செய்யவில்லை. அப்படியே அதில் தலையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனால் அந்தச் சூடு யாருடையது என்று பிரித்தறிய முடியாது. அதற்கு முன்பே உறங்கிவிடுவது அவள் வழக்கம்.

ஏழாம்கரை நிலையத்தில் ஒரே ஒரு படுக்கைதான் உண்டு. சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் நிலவில், மீத்தேனே ஏரியாகக் கிடந்து அலையடிக்கும் குளிரில், ஆறிப்போன ஒரு படுக்கையை மீண்டும் சூடாக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஒரு பம்ப்பை நெடுநேரம் ஓட்டலாம். ஆகவே படுக்கையை ஆறவிடக் கூடாது என்பது விதி. நிலையத்துக்கு இரண்டு மனிதர்கள். ஒருவர் எழுந்ததும் மற்றவர் படுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரத்துக்குக் கைமாற்று என்று பெயர். ஒரு கோப்பை சூப் குடிக்கும் சூட்டுக்கு வருவதற்குள் அது முடிந்துவிடும்.

அவளுக்கு முன் அந்தப் படுக்கையில் உறங்கி எழுந்தவன் சூசை மச்சாது. தெற்கே கடலோர மணப்பாட்டுக்காரன். ஏரியின் மீத்தேனை உறிஞ்சிக் கப்பல்களுக்கு அனுப்பும் பம்ப்புகளுக்கு அவன் பொறுப்பு. கோகிலவாணி மேற்கே பெருந்துறைக்காரி. பணியன்களின் மொழிக்கு அவள் பொறுப்பு.

நிலையத்தின் உண்மையான வேலையாட்கள் பணியன்கள்தாம். குழாய் சுமப்பது, வடிகட்டி மாற்றுவது, ஏரிக்குள் இறங்கிக் கசிவு அடைப்பது எல்லாம் அந்த இயந்திரங்களே. சொன்னதைப் புரிந்துகொண்டு, பதில் சொல்லி, வேலை செய்பவை. ஆனால் புழங்காமல் விட்டால் மொழி இயந்திரத்துக்குள்ளும் தேய்ந்துபோகும். நெடுங்காலம் யாரும் பேசாமல் விட்டுவைத்த பணியன்கள், ‘திற’ என்றதை ‘மூடு’ என்று எடுத்துக்கொண்டு, தென்கரை நிலையத்தின் பாதியை ஏரிக்குள் இறக்கிவிட்டன. அதன் பிறகு சட்டம் வந்தது. ஒவ்வொரு பணியனும் அன்றாடம் வாசித்தாக வேண்டும்.

பூமியிலிருந்து வந்த கதைகளை அவை விரைவிலேயே படித்துத் தீர்த்தன. திரும்பத் திரும்பப் படித்தன. பிறகு தாங்களே எழுதத் தொடங்கின. புதிதாக ஒரு மனிதரைக் கற்பனை செய்ய அவற்றுக்கு வராது. இருக்கிறவர்களை எடுத்து, அவர்களுக்கு நடக்காததை நடத்திப் பார்க்க வரும். அதற்குக் கிளைக்கதை என்று பெயர் வைத்துக்கொண்டன. டைட்டனின் எல்லா நிலையங்களிலும் உள்ள பணியன்கள் ஒரே பொதுநினைவில் எழுதி, ஒரே பொதுநினைவில் வாசித்தன. யாரை யாரோடு சேர்த்துவைப்பது என்பதுதான் அவற்றுக்குள் நடந்த ஒரே சண்டை. அப்படிச் சேர்க்கப்பட்ட இருவருக்குச் சோடி என்று பெயர்.

கோகிலவாணி அந்தக் கதைகளைப் படித்ததில்லை. வாக்கியங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று காட்டும் அளவுமானியை மட்டும் பார்ப்பாள். தன்னைப் போன்ற ஒருத்திக்குக் காதல் கதை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு என்று முன்பே முடிவு செய்துவைத்திருந்தாள்.

உறங்கி எழுந்து, தன் முறையின் வேலையை முடித்து, அடுத்த கைமாற்றுக்கு அவள் வந்தபோது சூசை சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

“மூணாவது பம்ப்புல அழுத்தம் கொறஞ்சிருக்குதுங்க. வடிகட்டிய மாத்தச் சொல்லியிருக்கேன்,” என்றாள் கோகிலவாணி.

“பாக்கேன்.”

“ஏரிக்காத்து சாஸ்தியா அடிக்குதுங்க.”

“ம்.”

சூசை கோப்பையில் சூப்பை ஊற்றினான். அடுத்து என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அவர்கள் பேசிக்கொள்வது அது ஒன்றுதான்.

“சாப்டியளா?”

“சாப்டுட்டனுங்க. நீங்க?”

“இனிமேத்தான்.”

அவ்வளவுதான். கோகிலவாணி திரும்பினாள். கைமாற்று அறையின் கண்ணாடிக்கு அப்பால் பணியன்கள் கூட்டமாக நின்றன. பெரியவை பின்னாலும் சின்னவை முன்னாலுமாக. எல்லாவற்றின் நெஞ்சு விளக்கும் மஞ்சளாக எரிந்தது. எதையோ மனத்தில் பதித்துக்கொள்ளும்போது எரியும் விளக்கு அது.

“இதுங்க எதுக்குங்க இங்க வந்து நிக்குதுங்க?”

“சும்மா வேடிக்க பாக்க வந்துருக்கும்,” என்று சொல்லிவிட்டு சூசை அவசரமாகக் கோப்பைக்குள் பார்த்தான்.

டைட்டன் நகரத்திலிருந்து மண்டல மேலாளர் ஹலீமா அழைத்தது அடுத்த முறையில்.

“கோகிலா, உங்க ஸ்டேஷன்ல பம்ப் நின்னு நின்னு ஓடுது, தெரியுமா? சரியா கைமாற்று நேரத்துல. பணியன் எல்லாம் வேலையப் போட்டுட்டு எங்கயோ ஓடிப்போயிடுது.”

“வேடிக்கை பாக்க வருதுங்க.”

“அங்க என்னம்மா வேடிக்கை? ரெண்டு பேரு, ஒரு சூப்பு.” ஹலீமா சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். “இது சிரிக்கிற விஷயம் இல்ல. பொதுநினைவுல இப்ப முக்கால்வாசி ஒரே சோடியப் பத்தின கதை. ‘ளகரச் சோடி’யாம். என்ன பேரு இது? எந்தப் பழைய கதையில வர்ற ஆளுங்கன்னே தெரியல. அவுகன்னு ஒரு ஆம்பள, அவங்கன்னு ஒரு பொம்பள. வேற பேரே கிடையாது. எல்லா ஸ்டேஷன் பணியனும் உங்களுதுங்ககிட்ட ‘இன்னிக்கு என்ன ஆச்சு, இன்னிக்கு என்ன ஆச்சு’ன்னு கேட்டு லைனையே அடைச்சு வச்சிருக்கு.”

“நான் என்னங்க பண்ணட்டும்?”

“அந்தச் சோடி மேல ஏன் இவ்ளோ பைத்தியம்னு கண்டுபிடிங்க. காரணம் தெரிஞ்சா நிறுத்திடலாம். இல்லேன்னா அந்தக் கதையை எப்படியாவது முடிச்சுவைங்க. ரெண்டும் நடக்கலேன்னா மொழி ஆளை மாத்துங்கன்னு மேல சொல்லிட்டாங்க. அடுத்த கப்பல்ல நீங்க இங்க வந்துடணும்.” குரலைத் தணித்து, ஆறுதலாக ஒன்றைச் சேர்த்தாள். “வந்தா உங்களுக்கும் நல்லதுதானே? இங்க மனுஷங்க இருக்காங்க. பேச ஆள் இருக்கு. உங்களுக்குன்னு தனிப் படுக்கை.”

“தனிப் படுக்கைங்களா?”

“ஆமா. புத்தம் புதுசு. யாரும் படுத்ததே இல்ல.”

கோகிலவாணி நன்றி சொல்லி அழைப்பை முடித்தாள். யாரும் படுத்திராத படுக்கையை நினைத்ததும் அவள் முதுகில் குளிர் ஏறியது. இந்த நிலையத்தில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஒரு கேள்வி, ஒரு பதில், தலையணையில் ஒரு பள்ளம். அதையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

பணியன்கள் வாசிக்கும் இடம் வெதுப்புச் சுவர். கொதிகலனின் பின்பக்கம் அது. வேலை முடிந்தவை அதன் முன் வரிசையாக, சுவரைப் பார்த்தபடி நிற்கும். பக்கம் புரளும் ஓசைகூட இருக்காது. அந்த அமைதிக்குள் நுழையும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். அங்கே திருக்கை தோளில் ஒரு குழாயோடு நின்றிருந்தது. கடல்மீன்களின் பெயர்களைப் பணியன்களுக்கு வைத்தவன் சூசை. திருக்கை நிலையத்திலேயே பெரியது, அகலமானது. முழுக்குழாயை ஒற்றைத் தோளில் சுமப்பது. ளகரச் சோடியைப் பற்றி மிக அதிகமாக எழுதியதும் அதுதான் என்று அளவுமானி காட்டியிருந்தது.

“திருக்கை, ஒண்ணு கேக்கோணுங்க.”

“கேளுங்க. சொல்லுதேனுங்க.”

அதன் பேச்சில் தெற்கும் மேற்கும் கலந்திருந்தன. இருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. அவளும் சூசையும் அந்த நிலையத்தில் கலந்திருந்த ஒரே இடம் அதன் வாய்தான்.

“வளைகுடா நிலையத்துல புருசன் பொஞ்சாதியா ரெண்டு பேரு இருக்காங்களே. அவங்களப் பத்தி ஏன் யாருமே எழுதறதில்ல?”

“எழுத என்னங்க இருக்கு? எல்லாத்தையும் அவங்களே பேசித் தீத்துருதாங்க. நாங்க உள்ள நுழைய எடமே இல்ல.”

“கிழக்குக்கரைல ரெண்டு பேரு எந்நேரமும் சண்டை போடுவாங்களே?”

“அதுக்குக் கொஞ்சம் ஆளு உண்டுங்க. திட்டுதப்ப நடுவுல மூச்சு வாங்குவாங்கல்லா, அந்த எடத்துல வச்சு எழுதலாம். ஆனா சின்ன எடம்.”

“அப்ப ளகரச் சோடி?”

திருக்கையின் நெஞ்சு விளக்கு மஞ்சளானது. “அங்க எடம் பூராவும் எங்களுக்குத்தானுங்க.”

“அப்படிச் சும்மா கெடக்கற எடத்துல உங்களுக்கு என்னங்க கெடைக்குது?”

பணியன்களுக்கு யோசிக்க நேரம் தேவையில்லை என்பதால், திருக்கை பேசாமல் நின்ற நேரம் அவளுக்கு நீளமாகத் தெரிந்தது.

“எஞ் சார்ஜ் மாடத்துல வாளைங்கிற பணியனும் நிப்பானுங்க. நா வேலைக்குப் போகையில அவன் வருவான். அவன் போகையில நா வருவேன். நா போய் நிக்கையில மாடம் சூடா இருக்கும். அம்புட்டுத்தானுங்க எங்களுக்குள்ள. அத எழுதணும்போல இருக்கும். ஆனா எங்களப் பத்தி எழுத எங்களுக்கு வார்த்தை வைக்கல. அதான் அவங்கள வச்சு எழுதுதோம்.”

கோகிலவாணியின் கை தானாகத் தன் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டது. தலையணைப் பள்ளம் படும் இடம் அது.

“அந்தச் சோடி யாருங்க?”

“சொன்னா கதை முடிஞ்சுருமுங்க.”

“சொல்லுங்க திருக்கை.”

மனிதர் இரண்டாம் முறை கேட்டால் பணியன் மறைக்க முடியாது. அப்படித்தான் அவற்றைச் செய்திருந்தார்கள். திருக்கை தோளிலிருந்த குழாயை மெல்ல இறக்கிவைத்தது.

“ஒருத்தரு ‘சாப்டியளா’ன்னு கேப்பாரு. ஒருத்தங்க ‘சாப்டுட்டனுங்க’ன்னு சொல்லுவாங்க.”

வெதுப்புச் சுவரின் முன்னால் இருந்த பணியன்கள் ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் எதுவும் இப்போது வாசிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“இதுல ‘ள’ எங்க வந்துச்சு?” என்றாள் கடைசியில்.

“ஒரு நாளு அவுக அத விட்டுட்டாகளேங்க. மறந்துட்டியளா?”

அவள் மறக்கவில்லை. அவர்கள் வந்த இரண்டாம் ஆண்டு. வெளிக்குழாயில் கசிவு ஏற்பட்டு, பணியன்கள் தடுமாறியபோது அவளே கவச உடை போட்டுக்கொண்டு இறங்கினாள். உள்ளே வந்தபோது விரல்களில் உணர்வில்லை. கைமாற்று நேரம் தாண்டிவிட்டிருந்தது. சூசை வாசலிலேயே நின்றிருந்தான். தனக்கு வைத்திருந்த சூப்பை அவள் கையில் திணித்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. “சாப்டியா?” என்று கேட்டான்.

சாப்டியளா இல்லை. சாப்டியா.

அவள் வீட்டில் நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பாவை, அப்பா அம்மாவை, இருவரும் அவளை, எல்லாரும் எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும் அந்த ‘ங்க’ காணாமல் போகும். அது போய்விட்டால் அன்று வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால், கசிவுக்காகத் தன்மேல் சூசை கோபப்படுகிறான் என்றே அவள் நினைத்தாள். “மன்னிச்சுக்குங்க. இனிமே கவனமா இருக்கேனுங்க,” என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அடுத்த கைமாற்றில் அவன் பழையபடி “சாப்டியளா” என்றான். கோபம் தணிந்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“அவுக ஊருல ‘ள’ இருந்தா மரியாதைங்க,” என்றது திருக்கை. “தூரத்துல நிக்க ஆளுக்குப் போடுதது. அது விழுந்துட்டா நீ என் ஆளுன்னு அர்த்தம். அவுக வீட்டுல யாரும் யாருக்கும் போட மாட்டாக. அன்னைக்கு அவுக மெனக்கெட்டு விடல. பயத்துல தானா விழுந்துருச்சு. நீங்க மன்னிப்புக் கேட்டதும், இது புடிக்கல போலன்னு திரும்ப எடுத்து மாட்டிக்கிட்டாக.”

“இது உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?”

“எங்களுக்கு ரெண்டு பேச்சும் தெரியுமுல்லாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லணும்னுதான் இருந்தோமுங்க. அதுக்குள்ள வாளை ஒரு கதை எழுதிட்டான். அதுல அவங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிரும். ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்பறம் ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சுட்டோம்.” திருக்கை கொஞ்சம் தயங்கியது. “உங்க ரெண்டு பேரையும் விட, உங்களுக்கு நடுவுல கெடந்த எடம் எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க.”

அன்றிலிருந்து படுக்கையில் படுத்தபடி கோகிலவாணி கிளைக்கதைகளைப் படித்தாள். அந்த ஒரு கணத்தைப் பணியன்கள் எத்தனையோ விதமாக எழுதியிருந்தன. ஒன்றில் அவங்க கோப்பையைத் தவறவிடுகிறார்கள். ஒன்றில் அவுக வாயைத் திறக்கும்போதே அபாயமணி அடிக்கிறது. ஒன்றில் இருவரும் கிழவர்களாகிறார்கள். கைமாற்று அறையில் பார்வை மங்கி, குரலை மட்டும் வைத்து அடையாளம் கண்டு, அப்போதும் ‘சாப்டியளா’, ‘சாப்டுட்டனுங்க’. அதைப் படித்துவிட்டு அவள் அந்தப் பள்ளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தாள். தன் வாழ்க்கையைத் தானே படித்து அழுவது விசித்திரமாக இருந்தது. அதைவிட விசித்திரம், வாழ்ந்தபோது அழுகை வராதது.

கப்பல் வரப்போகிறது. ஹலீமா சொன்ன வழி ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. கதையை எப்படியாவது முடித்துவைத்தால் போதும். அதை எப்படி முடிப்பது என்று தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சொல்வதற்கு ஒரே ஒரு சொல். ஆனால் அது நாக்கில் நிற்கவில்லை. தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். “சாப்டியா” என்று வாய் சொல்லி முடிக்கும் முன்பே பின்னால் ஒரு ‘ங்க’ ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அதை உதறி உதறித் தனியாக நிறுத்தியபோது, யாரையோ அடித்துவிட்டது போல் அவளுக்கு இருந்தது.

கைமாற்று வந்தது. சூசை எழுந்து வந்து சூப்பை அடுப்பில் வைத்தான். கண்ணாடிக்கு அப்பால் பணியன்கள் வந்து நின்றன. கோகிலவாணி பம்ப்புகளைப் பற்றிச் சொன்னாள். அவன் ‘ம்’ என்றான். கோப்பையையும் கரண்டியையும் எடுத்தான். அவன் கேட்கும் முன் அவள் கேட்டாள்.

“சாப்டியா?”

அவன் கரண்டி பாதி வழியில் நின்றது. நிலையத்தின் கால்களில் ஏரி மோதும் ஓசை தரை வழியாக வந்துகொண்டிருந்தது. சூப் கொதித்து, பொங்கி, அடுப்பு தானாக அணைந்தது. அதையும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னும் இல்லீங்க,” என்றான் சூசை.

மணப்பாட்டு வாயில் அந்த ‘ங்க’ புதுச் செருப்பைப் போல் கடித்தது. அவள் அவனையே பார்த்தாள்.

“நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது எப்பத் தெரிஞ்சுது?”

“ரொம்ப நாளாச்சு. பம்ப் ஓடையில சும்மாதான உக்காந்துருக்கேன். இதுக எழுதுறத எல்லாம் வாசிப்பேன்.”

“அப்பறம் ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் எந்திரிச்சு வருவேன்.” சூசை கோப்பையின் விளிம்பைத் துடைத்தான். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது. “ஆனா கதையில வாற ஆளு நல்ல ஆளு. எதச் சொன்னாலும் பொருத்தமாச் சொல்லுவான். நா வாயத் தொறந்தா அப்படி வருமாங்கிற பயம். அதுபோக...”

“அதுபோக?”

“கதை நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சுல்லா.”

கோகிலவாணிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒருவர் சிரிப்பை மற்றவர் கேட்டது அதுவே முதல் முறை. அவள் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். படுக்கையில் அவன் விட்டுச்செல்லும் சூடு அந்தக் கையில் இல்லை. அது குளிர்ந்திருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பணியன்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வேலைக்குத் திரும்பின.

அதற்குப் பிறகு பம்ப்புகள் நிற்கவில்லை. கைமாற்றைப் பார்க்க ஒரு பணியனும் வரவில்லை. ஹலீமா மகிழ்ச்சியோடு அழைத்தாள்.

“என்ன மாயம் பண்ணீங்க கோகிலா? லைன் எல்லாம் காலி! மேல ஒரே பாராட்டு. உங்க மாற்றத்தைக் கேன்சல் பண்ணியாச்சு. சூசை சாரும் சொன்னாரு, ரொம்ப சந்தோஷம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். படுக்கையும் அகலமா ஒண்ணு அனுப்பறேன். கல்யாணச் சீரா வச்சுக்குங்க!”

கோகிலவாணி செய்தியைச் சொல்ல வெதுப்புச் சுவருக்குப் போனாள். அங்கே எல்லாப் பணியன்களும் நின்றிருந்தன. எல்லா விளக்குகளும் மஞ்சளாக எரிந்தன. அவை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தன.

“திருக்கை, இன்னும் என்னங்க படிக்கிறீங்க? கதைதான் முடிஞ்சுபோச்சே?”

“முடியலீங்களே.”

“நாங்கதான் பேசிட்டமே. நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல?”

“பாத்தோமுங்க. பொதுநினைவுல போட்டு எல்லா நிலையத்துக்காரங்களும் பேசிப் பாத்தோம். ஏத்துக்கிட முடியலீங்க.” திருக்கையின் குரலில் வருத்தம் இருந்தது, வேண்டிய ஒருவர் சமைத்த மோசமான சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போன்ற வருத்தம். “இயல்புமீறலுங்க. அவங்க ‘ங்க’ இல்லாமப் பேச மாட்டாங்க. அவுக ‘ங்க’ போடவே மாட்டாக. ரெண்டு பேரும் அடுத்தவங்க பேச்ச எடுத்துப் பேசுதாங்க. சிரிக்க வேற செய்யுதாங்க. எழுதுனவங்களுக்கு அந்த ஆளுகளப் பத்தி ஒண்ணுமே தெரியல.”

“யாரும் எழுதலீங்க. அது நடந்துச்சு. நாந்தானுங்க அந்த அவங்க!”

“தெரியுமுங்க,” என்றது திருக்கை பணிவாக. “அதான் ஆச்சரியமா இருக்கு. உங்களுக்குக்கூட அவங்களப் பத்தித் தெரியல. பரவாயில்லீங்க. இனி நாங்களே பாத்துக்கிடுதோம்.”

அகலப் படுக்கை வந்தது. இருவருக்கும் ஒரே வேலைமுறையும் வந்தது. இருவரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள், சேர்ந்து படுத்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் படுக்கை ஆறிக் கிடந்தது. அதற்கு விதிவிலக்கு வாங்கியிருந்தார்கள். சில்லிட்ட விரிப்பில் இருவரும் ஒரே நேரத்தில் கால் வைக்கும்போது, சூடாக்கிவைக்க இன்னொருவர் இல்லையே என்று இருவருக்கும் தோன்றும். சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் நிறையப் பேசினார்கள். மணப்பாட்டின் மணல் மேட்டில் இருக்கும் கோயிலைப் பற்றி அவன் சொன்னான். பெருந்துறையில் அப்பாவின் ‘ங்க’ காணாமல் போன நாட்களைப் பற்றி அவள் சொன்னாள். அந்தக் கசிவு நாளைப் பற்றி இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து சொன்னார்கள். பிறகு இன்னொரு முறை சொன்னார்கள். பேச்சு தீர்ந்ததற்கு யார்மேலும் குற்றமில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அவள் வாய் எப்போதோ ‘ங்க’வுக்குத் திரும்பியிருந்தது. அவன் ‘ள’ இல்லாமல் பேசினான். யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சேர்ந்தே சாப்பிட்டதால், சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும் வழியில்லாமல் போனது.

ஒருநாள் மேசையில் இரண்டு கோப்பை சூப் இருந்தது. சூசை கைத்திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். அவன் கரண்டியைத் தொடவே இல்லை. கோகிலவாணி எதிரில் உட்கார்ந்து தன் திரையைத் திறந்தாள். நிலையத்துக்கு அடியில் ஏரி மோதிக்கொண்டிருந்தது. வெதுப்புச் சுவரின் பக்கத்திலிருந்து பம்ப்புகளின் ஒரே சீரான ஓசை வந்தது.

“எந்த எடத்துலங்க இருக்கீங்க?” என்று அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“கைமாத்து. திருக்கை எழுதுனது. இன்னைக்குத்தான் வந்துருக்கு.”

“நானும் அதுலதானுங்க. அவரு இன்னும் கதவத் தொறக்கல.”

“நா கொஞ்சம் தாண்டிட்டேன். அவுக வந்துட்டாக. சூப்பு கொதிக்கி.”

கோகிலவாணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு பதற்றம் இருந்தது.

“கேட்டுட்டாருங்களா?”

“கேட்டுட்டாக.”

“‘ள’ போட்டா, போடாமயா?”

சூசை வாசித்து முடிக்கும்வரை அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

“போட்டுத்தான் கேட்டுருக்காக.”

அவர்களுக்கு நடுவில் இரண்டு கோப்பைகளும் ஆறி ஆடை கட்டியிருந்தன. கோகிலவாணி மூச்சை விட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மீண்டும் தன் திரைக்குள் குனிந்தாள்.

“நல்லவேளைங்க,” என்றாள்.